சிந்தாத பேசின் தண்ணீர்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது, என் கொழுந்தனுக்கு ஈரமே இல்லை என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நம்பினோம். அண்ணன் முதுகெலும்பில் பரவிய புற்றுநோயோடு ஈப்போ மருத்துவமனையில் கிடக்க, தம்பி சேற்றுப் பந்தயத்துக்காகப் பழைய ஜீப்பைப் பிரித்துப் போட்டிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வர வேண்டும் என்பது ஒன்றே என் கணவரின் ஆசை. ஆனால் ஆம்புலன்ஸ் தார்ச்சாலை முடியுமிடம் வரைதான் வரும். அதற்கு மேல் குண்டும் குழியுமான மண்பாதை. ஒவ்வொரு குலுக்கலும் அவர் எலும்பில் இறங்கும். ஜீப்போ, முட்டைக்கோஸ் ஏற்றுவதற்காக அவரே கூடுதல் ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கிக் கல்லாக்கி வைத்திருந்த வண்டி.

ஒரு மாலை, கொழுந்தனைக் கண்டிக்கவே ஜீப் நின்ற கொட்டகைக்குப் போனேன்.

"பந்தயம் எப்போ தம்பி?"

வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டினார். "என்ன பந்தயம் அண்ணி? பின்னாடி பாருங்க."

இருக்கைகள் இல்லை. ஒரு மெத்தை, அதன்மேல் ஒரு பேசின். மெத்தை நனைந்திருந்தது.

"தண்ணி ரொப்பி தார் ரோட்டுலேருந்து வீடு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். பாதி சிந்துது லா. சிந்தாம வரட்டும், அண்ணன ஏத்தறேன்."

பிறகு விளக்கினார். பட்டைகளைக் கழற்றிவிட்டு, கேன்டிலீவர் என்னும் நெம்புகோல் முறையில் ஸ்பிரிங்கை வண்டிச் சட்டத்தோடு படுக்க வைத்திருந்தார். சக்கரத்துக்கும் அதற்கும் இடையே சீசா போல ஆடும் ஓர் இரும்புக் கை. சக்கரம் ஒரு சாண் எழும்பினாலும் ஸ்பிரிங் நான்கு விரலே அமுங்கும், மேலே படுத்திருப்பவர் உடல் அதிராது.

மறுநாளிலிருந்து பேசினில் தண்ணீர் நிரப்புவது என் வேலையாயிற்று. கொழுந்தன் அந்த இரும்புக் கையின் நீளத்தைக் கூட்டினார், குறைத்தார், மீண்டும் ஓட்டினார். ஆறாம் நாள் மெத்தை காய்ந்தே வந்தது.

என் கணவரை ஏற்றி வந்த அன்று முதல் பள்ளத்தில் நான் கண்களை மூடிக்கொண்டேன். என் கணவரின் குரல்தான் கேட்டது: "டேய், என் முட்டைக்கோசு இந்தச் சொகுசப் பாக்கலயேடா!"

முன்னால் கொழுந்தன் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகும் தோள்கள் மட்டும் வெகுநேரம் குலுங்கின. பாதி வழியில் என் கணவர் தூங்கிப்போனார்.

தேயிலைச் சரிவு தெரியும் சன்னலருகே பதினொரு நாள் உயிரோடிருந்தார். கொழுந்தனைப் பற்றி நான் நம்பியதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் இப்போதும் நானிருக்கிறேன், பக்கத்து வீட்டில் அவரிருக்கிறார், இடையில் அந்த ஜீப் நிற்கிறது.