மோலி அடித்த சலியூட்

சனி, ஞாயிறுகளில் கூட்டத்துக்கு முன் மைக் பிடித்துச் சம்பாதிக்கிற சக மாணவிகளுக்குத் தெரியும்: நாங்கள் சொன்னது ஒருவருக்கும் நினைவில் நிற்காது, சொல்லாததற்குத்தான் முறைப்பாடு வரும். நான் சிட்னியில் ஒரு கடல்விலங்குக் காட்சிச்சாலையில் விளக்கம் சொல்பவள். இந்த முறை அநியாயம் நடந்தது எனக்கல்ல, மோலி என்ற கடற்சிங்கத்துக்கு. படைவீரர்களைக் கேலி செய்தாள் என்று அவள்மேல் முறைப்பாடு.

நானாகச் சேர்த்த பகுதி

என் பேச்சின் கடைசிப் பகுதி நானே சேர்த்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் கடற்படை வேலைக்கு டொல்பின்களைப் பழக்கியிருக்கின்றன. கடலடியில் கண்ணிவெடி எங்கே கிடக்கிறது என்று டொல்பின் காட்டிக்கொடுக்கும். ஆழத்தில் விழுந்த பொருளில் கடற்சிங்கம் கயிற்றை மாட்டிவிட்டு வரும். "இவற்றிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?" என்று முடிப்பேன்.

ஒருநாள் பேச்சு முடிந்ததும், மகளைத் தோளில் வைத்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கிட்ட வந்தார். ஐடி வேலையாம். மனச்சாட்சியை உலுக்கிவிட்டேன் என்று நினைத்தேன். "ஏங்க, நேவில சேர்ந்தா அந்த டால்பினுக்கு நிரந்தரமாத் தங்க உடனே பி.ஆர். குடுத்துருவாங்களா? நாங்க இன்னும் வெயிட் பண்ணிட்டுதான் இருக்கோம்."

கிரவீன் அன்ரி

அம்மாவின் சிநேகிதி ஒருவர் சிட்னியின் கிரவீன் பகுதியில் இருந்து வந்து முன்வரிசையில் இருந்தா. முழுப் பேச்சையும் கேட்டா. வாதாடுவதற்கு ஒரு ஆள் கிடைத்தது என்று நானும் ஆயத்தமாக நின்றேன். அவவோ என் கையிலிருந்த மீன் வாளியையே பார்த்தா.

"அமெரிக்காக்காரன் மீன் குடுத்து வேலை வாங்கினா அநியாயம். நீ என்ன பிள்ளை, சும்மாவே குடுக்கிறாய்?"

சலியூட்

அன்ரிக்கு என்ன பதில் சொல்லலாம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்த கிழமையில்தான் அது நடந்தது. எங்கள் இடத்தில் விலங்குகளுக்கு வாயால் கட்டளை இல்லை, கைச்சைகைதான். விரித்த கையைத் தோளுக்கு மேலே உயர்த்தினால் மோலி துடுப்பை நெற்றியில் வைப்பாள். எனக்கோ வாதம் சூடேறினால் கை தன்பாட்டில் உயரும்.

"யாராவது சம்மதம் கேட்டார்களா?" என்று கையை உயர்த்தினேன். எனக்குப் பின்னால் மோலி சலியூட் அடித்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பேச்சுக்குத்தான் இந்த வரவேற்பு என்று நம்பி இன்னும் உயர்த்தினேன். மோலியும் விடவில்லை. சட்டையில் படைவீரர் சின்னம் குத்தியிருந்த ஒரு முதியவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து, நேரே மேலாளர் ஹெலனிடம் போனார்.

நான் வேண்டுமென்றே பழக்கிய கேலி என்று அவர் நினைத்துவிட்டார். ஹெலன் என்னைக் கூப்பிட்டா. "அவர் வியட்நாம் போருக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவார், நீயே பேசு. அதுவரை படையும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம். டொல்பின் என்ன சாப்பிடும் என்று மட்டும் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை

வந்தார். சலியூட் தற்செயலாக நடந்தது என்று சொல்லி, மோலிக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் சேர்த்த பகுதி பறிபோகிறதே! "என் கேள்வி பிழையில்லை. நீங்கள் சம்மதித்துப் போனவர். டொல்பினிடம் ஒருவரும் கேட்கவில்லை" என்றேன். ஹெலன் கண்ணை மூடிக்கொண்டா.

அவர் மோலியின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "என்னிடமும் கேட்கவில்லை, மகளே. கட்டாயப் படைச்சேவைக்கு ஆள் எடுத்த குலுக்கலில் என் பிறந்த தேதி விழுந்தது. கொண்டுபோய்விட்டார்கள்."

இந்த வாதத்தில் வென்றது யார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "அப்படியென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடட்டுமா?" என்று ஹெலன் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "எடுக்காதே. என்னையும் அதில் சேர்த்துச் சொல்லச் சொல்."