புருஷோத்தமியாவின் தகப்பன்

பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். ஸ்கூட்டரை அரைகுறையாக ஓரங்கட்டிவிட்டுச் சாம்ராஜ் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். இலையின் மேல்பக்கம் அவருக்கு வேண்டாம். வெள்ளை ஈ குடியிருப்பது அடிப்பக்கத்தில். ஒரகடத்துத் தொழிற்சாலை மதிலோரம் இலை புரட்டும் இந்த ஆளைக் காவலாளிகள் முதலில் திருடன் என்று நினைத்தார்கள். பிறகு மூலிகை வைத்தியர் என்று எண்ணி மூட்டுவலிக்கு மருந்து கேட்டார்கள். தனியார் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் என்று அவர் சொன்னதும் அந்த மரியாதையும் போயிற்று.

வெள்ளை ஈக்குச் சாதி பிரிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. பறக்கிற ஈயைப் பார்த்து யாரும் இனம் சொல்வதில்லை. எல்லாம் மாவு பூசிய ஒரே மூஞ்சி. இலையில் ஒட்டிக் கிடக்கும் கூட்டுப்புழுவை, அநேகமாக ஈ பறந்தபின் மிஞ்சிய வெறும் சட்டையை, நுண்ணோக்கியில் வைத்து, அதன் முதுகைப் படித்துத்தான் குலம் கோத்திரம் சொல்வார்கள். "மூஞ்சியப் பாக்காத, முதுகப் பாரு" என்பது சாம்ராஜின் வேதவாக்கு.

மனிதர்களுக்கும் அவர் வைத்திருப்பது அதே அளவுகோல்தான். வடக்குப்பட்டில் அவர் வீட்டு மாடி அறைகளில் தொழிலாளிகள் குடியிருக்கிறார்கள். கொடியில் காயும் சட்டையின் நிறத்தை வைத்தே எந்தக் கம்பெனி, நிரந்தரமா, கான்ட்ராக்டா என்று பிரித்துவிடுவார். அதன்படிதான் தண்ணீர் மோட்டார் ஓடும், அதன்படிதான் சிரிப்பும் வரும். தெற்கத்திப் பையன் இசக்கிபாண்டி கார் கம்பெனியின் சாம்பல் சட்டை போட்டிருந்தவரை 'வாங்க தம்பி'. அங்கே வேலை போய், ஏதோ போல்ட்டு கம்பெனியின் நீலச் சட்டைக்கு மாறிய வருஷம் அவனுக்குக் கிறிஸ்துமஸ் கேக் வரவில்லை. "சட்டதான சார் மாறிருக்கு, ஆளு நாந்தான" என்றான். திமிர் பிடித்தவன் என்று சாம்ராஜ் முடிவுகட்டினார்.

அவருக்கு யோகம் துத்திச் செடியில் வந்தது. லாரிகள் நிற்கும் பொட்டலில், மெத்தென்று மயிர் அடர்ந்த துத்தி இலையின் அடியில், முதுகெல்லாம் முள்மயிர் சிலிர்த்த ஒரு கூட்டுப்புழு. அவரிடமிருந்த புத்தகங்கள் எதிலும் அது இல்லை. புது இனம் என்று அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். அதற்கெல்லாம் ஆளா அவர்? புதுப் பேரினம் என்றே அறிவித்தார். ஒற்றைப் பிள்ளை பிறந்ததற்குத் தனி வம்சமே தொடங்கிவிட்டார்.

தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது இந்தத் துறையில் அநாகரிகம். ஆகவே கல்லூரி முதல்வர் புருஷோத்தமனின் பெயரைச் சூட்டினார்: புருஷோத்தமியா. துறைத்தலைவர் நாற்காலி காலியாகப்போகிற நேரத்தில் இதைவிடப் பெரிய மாலை எந்தக் கடையில் கிடைக்கும்? அதிகம் கேள்வி கேட்காத ஓர் ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. முதல்வர் பூரித்துப்போய் கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைக்கச் சொல்லிவிட்டார். அண்டிய செடியின் சாற்றை உறிஞ்சியே வாழும் பூச்சி என்று சாம்ராஜ் வகுப்பில் விளக்கியபோது, கடைசி பெஞ்சுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதழுக்குக் கடைசி ஒப்புதல் அனுப்ப வேண்டிய ஞாயிறு வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வீடு திரும்பியவரை மனைவி கிரேசி மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். அங்கே நெருக்கமான வலைக் கூண்டுக்குள் துத்திச் செடி வைத்துத் தன் வம்சத்தை அவர் வளர்த்துவந்தார். அணில் தொல்லை தாங்காத கிரேசி, அவரைக் கேட்காமல், அதே வலைக்குள் பெயின்ட் டப்பாவில் மிளகாய் விதை போட்டிருந்தாள். செடி ஒரு முழ உயரம் வந்திருந்தது.

"ஒங்க பூச்சி என் மொளகாச் செடிலயும் வந்து குந்திகினு கீது. இன்னான்னு பாருங்க."

சாம்ராஜ் மிளகாய் இலையைத் திருப்பி லென்ஸை வைத்தார். வலைக்குள் வேறு ஈ நுழைய வழியில்லை. துத்தியிலிருந்து பறந்தவை இட்ட முட்டைகள்தான் இங்கே பொரித்திருந்தன. ஆனால் ஒன்றின் முதுகிலாவது ஒரு மயிர் வேண்டுமே. எல்லாம் வழவழவென்று, பருத்திக்காட்டிலும் கத்தரிக்காட்டிலும் ஊரே மருந்தடித்துச் சலித்த அதே பழைய வெள்ளை ஈ. மயிருள்ள இலையில் வளர்ந்தால் முதுகில் மயிர், வழுக்கை இலையில் வளர்ந்தால் வழுக்கை. அவ்வளவுதான் சங்கதி. நாற்காலி போனால் போகட்டும், முதல்வரிடம் போய் உங்கள் வம்சம் அழிந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

"ரெண்டும் ஒண்ணுதானாங்க?" என்றாள் கிரேசி.

"இது வேற. சும்மா சாதாரண ஈ" என்றார்.

லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மிளகாய் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைக்கத் தொடங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் செடிகளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷன் இவ்வளவு கரிசனமாகச் செய்வதைப் பார்த்துக் கிரேசிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டப்பா ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.