மணலிப் பக்கத்துக் காற்று

மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் படித்ததும் இங்கேதான். "பத்தாவது பிள்ளைங்களுக்கு நாளையிலேர்ந்து சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். கேட்டைப் பூட்டிடுவோம்" என்று தலைமையாசிரியை சொல்லும்போதே மணலி கெமிக்கல் கம்பெனிகள் பக்கமிருந்து காற்று திரும்பியது. அதே அழுகின முட்டை நாற்றம்.

நான் படித்தபோது இந்த மாடிக் கட்டடம் கிடையாது, ஓட்டுக் கூரைதான். கடற்கரைக்கு ஓடிவிடுவோம் என்று கணக்கு வாத்தியார் கதவைப் பூட்டிக்கொண்டுதான் ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பார். நாற்றம் வந்தால் ஜன்னலையும் சாத்த வேண்டும். வியர்வையும் சாக்பீஸ் தூளும் நெஞ்சை அடைக்கும். ஒருநாள் என் பக்கத்து பெஞ்சு இளங்கோ எழுந்தான்.

"சார், மூச்சு முட்டிகினு கீது. ஜன்னல தொறக்கட்டா?"

"தொறந்தா மட்டும் நல்ல காத்தா வரப்போவுது? உக்காந்து கணக்கப் போடுறா."

எல்லோரும் சிரித்தோம். அந்த வருஷம் வகுப்பே பாஸ். பாஸான கையோடு எனக்கு மணலியில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. இன்றும் ஷிப்ட் முடிந்து நேராக அங்கிருந்துதான் வந்திருந்தேன்.

"சார், அந்த ஜன்னல கொஞ்சம் சாத்துங்க" என்றார் தலைமையாசிரியை. எழுந்து இறுகச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த மகள் என் தோளருகே குனிந்து முகர்ந்தாள்.

"சாத்தி இன்னா நைனா? உன் சட்டையிலயும் அதான் அடிக்குது."