ஈரம் காயாத பெயர்

ராத்திரியில் நடந்திருந்தால் கனவு என்று தள்ளிவிடலாம். இது பட்டப்பகலில், பழவங்காடிக் கடைத்தெருவில், வெளியே பஸ் ஹாரன் அலறிக்கொண்டிருந்தபோது நடந்தது. அந்தக் காகிதத்தை நானே தொட்டிருக்கிறேன்.

என் சிநேகிதி ஜானவிக்குக் கல்யாணப் பத்திரிகைக் கடையில் டிசைனர் வேலை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் அழகு பார்த்தவள், அன்று தன் பத்திரிகையை வடிவமைத்தாள். மாப்பிள்ளை அனூப். நான்கு வருடக் காதல். தமிழ் எழுத்துருவைப் பக்கத்து மேஜை மலையாளிப் பையன் லிபின் செய்து கொடுத்திருந்தான். கட்டைப் பேனாவை மையில் தோய்த்து எழுதியதுபோலத் தடித்த வளைவுகள், மயிரிழையாய் முடியும் வால்கள்.

“கொள்ளாமோ சேச்சி? நல்லா இருக்கா?”

“அடிபொளிடா! உன் கல்யாணத்துக்கு ஃப்ரீயா அடிச்சுத் தரேன்.”

“முதல்ல பெண்ணு கிட்டட்டே!”

சிரித்துக்கொண்டே ஒரு பிரதி அச்சிட்டாள். வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். விரல் அனூப்பின் பெயரில் பட்டது.

கறுப்பாக ஒட்டியது.

லேசர் பிரிண்டரில் ஏது ஈரம்? தன் பெயரைத் தொட்டாள். காய்ந்திருந்தது. அனூப்பின் பெயரைத் துடைத்தாள். மறுபடி ஊறியது.

அப்போதுதான் அந்தச் சத்தம்... கரக்... கரக்... காகிதத்தில் பேனா முள் உரசுவதுபோல. பிரிண்டரை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை.

குனிந்து பார்த்தாள். மூலைகளில் மஞ்சள் இல்லை.

கறுப்பு.

கை தானாகவே கிழிக்கப் போனது. ஆனால்... கல்யாணப் பத்திரிகை. கிழிக்கலாமா? இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

சத்தம் நின்றது.

அனூப்பைக் கூப்பிட்டாள். நண்பர்களோடு பைக்கில் பொன்முடி மலைக்குப் போயிருந்தான். கல்லாறு தாண்டினால் சிக்னல் கிடைக்காது என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

திரும்பக் கூப்பிட்டது அவன் இல்லை. போலீஸ்.

காரியங்கள் முடிந்த பிறகு லிபின் அழுதான். “அந்த எழுத்து... நான் வாடகைக்கு இருக்கற மங்கலம் மாமி வீட்டுப் பழைய பேப்பர்லேந்து எடுத்தது சேச்சி. பார்க்க அழகா இருந்தது, அப்படியே பார்த்து வரைஞ்சேன். எனக்குத் தமிழ் பேசத்தான் அறியும், வாசிக்க அறியில்லா.”

மீதியை மங்கலம் மாமி சொன்னாள். காலமான அவள் கணவர் சேஷன் அக்ரஹாரத்துக்கே சாவுக் கடுதாசி எழுதிக் கொடுத்தவர். மூலைகளில் கறுப்பு மை தடவித்தான் தருவார். அந்தக் கட்டைப் பேனாவால் வேறெதுவும் எழுதியதில்லை.

“சாவுக் கடுதாசியைப் பார்த்த உடனே கிழிச்சுப் போடணும்டீ. வச்சுண்டா துக்கம் அங்கேயே தங்கிடும்பா.”

“கல்யாணப் பத்திரிகையை எப்படி மாமி கிழிப்பேன்?”



போன வாரம் ஜானவி அந்த இழுப்பறையை எனக்குத் திறந்து காட்டினாள். அனூப்பின் பெயர் நன்றாகக் காய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இருந்த அவள் பெயரைத் தொட்டேன்.

என் விரலில் மை.

“ஜானவி... கிழிச்சுடு. இப்பவே.”

அவள் அதை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“எங்க ரெண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கறது இது ஒண்ணுலதான்.”