சின்யோராவின் சோதனையும் என் ஐமிச்சமும்

இத்தாலியின் பலேர்மோவில் நான் வீட்டுவேலை செய்த சின்யோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, ஒரு டொக்டர். ஆஸ்பத்திரியில் பெயரெடுத்தவர். எனக்குக் காய்ச்சல் என்றால் தொண்டையைப் பார்ப்பார், குளிசையின் பெயரைச் சொல்வார், அதோடு கதை முடிந்துவிடும். அந்தக் கறார்தான் எனக்கு அவரில் பிடித்தது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அவர் திரும்பவும் படிக்கப் போனார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் கப்பல் ஏறி நாப்போலிக்குப் போவார். திங்கள் காலையில் வந்து இறங்குவார். ஆஸ்பத்திரி மருந்தோடு அக்குபங்சர், மூலிகை, சாப்பாடு, நித்திரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற வைத்தியமாம். ஏற்கெனவே டொக்டராக இருக்கிறவர்கள் மட்டும்தான் படிக்கலாமாம். கடைசியில் ஒரு குழுவுக்கு முன்னால் சோதனை. தேறினால்தான் சான்றிதழ்.

வீட்டுச் சுவர்களில் புள்ளி புள்ளியாகக் குறித்த மனித உடம்புப் படங்கள் ஏறின. குசினியில் காய்ந்த இலைப் போத்தல்கள். தூசி துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அசல் டொக்டர் ஒருத்தர் இந்த வயதில் ஏன் இதற்குப் போகிறார்? ஆஸ்பத்திரியில் ஏதும் பிரச்சினையோ?

ஒருநாள் கோப்பியோடு வந்து நின்றார்.

"சோதனையிலை ஒரு நோயாளியைப் பற்றி நான் விளக்க வேணும். உமக்கு முழங்கால் நோ எண்டு முந்திச் சொன்னீர். உம்மை விசாரிக்கலாமோ? விருப்பமில்லாட்டி வேண்டாம்."

ஏன் நான்? அவருக்குத் தெரிந்த இத்தாலியர் ஆயிரம் பேர் இருப்பார்களே. பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு நான் பயத்தோடு காத்திருந்த காலம் வேறு. வன்னியை விட்டு எப்படி வந்தேன் என்றெல்லாம் கேட்டு எழுதி, அது யார் கைக்குப் போகுமோ?

பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். சொந்தமில்லை, பூசையில் கண்டு பழகியவர். என் முழங்காலுக்கு அவர்தான் ஊர் மூலிகைத் தூள் தருவார். அதைக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் நான் நோவில்லாமல் படியேறினேன்.

"உன்னை வைச்சு வைத்தியம் பழகப் போறா. இவையள் ஒண்டையும் சும்மா செய்யாயினம். கவனம்," என்றார் அக்கா.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். சின்யோரா என்னைக் கதிரையில் இருத்தி, எப்படி நித்திரை, எப்போது சாப்பாடு, யாரை நினைத்து அழுகிறீர் என்று கேட்டுக்கொண்டே போனார். "ஓம்", "இல்லை" என்று மட்டும் சொன்னேன். பிறகு கேட்டார்:

"டொக்டர் தந்ததை விட வேறை என்ன எடுக்கிறீர்?"

அதற்கு மட்டும் நிமிர்ந்திருந்து பதில் சொன்னேன். "எங்கடை ஊர்த் தூள். முழுக்க மூலிகை."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். கையைப் பிடித்து, எங்கும் அடிபடாமலே கண்டி நீலம்பாரித்திருந்த இடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று கேட்டார். கூடியிருக்கிறது என்றேன். முகம் உருண்டு போனதைச் சாப்பாட்டுக் கொழுப்பு என்று நினைத்திருந்தேன்.

"அந்தத் தூளைக் கொண்டு வாரும்."

ஓகோ, எங்கள் மருந்தின் செய்முறையை எடுத்துத் தன் சோதனையில் காட்டப் போகிறார் என்று எண்ணினேன். கடதாசியில் ஒரு கரண்டி மட்டும் மடித்துக் கொண்டுபோனேன்.

அதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். தூளுக்குள் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறதாம். வீக்கத்தை அமத்துகிற, டொக்டர் அளந்து கொடுக்க வேண்டிய பலமான மருந்து. முகம் உருண்டதும் சீனி ஏறியதும் தோல் கண்டியதும் அதனால்தானாம்.

"நீங்கள் சொல்லுறதை நான் என்னெண்டு நம்புறது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "நம்ப வேண்டாம். நீரே புதுப் பை ஒண்டை வாங்கி, உம்மடை குடும்ப டொக்டரிட்டைக் குடும். ஆனா ஒண்டு. திடீரெண்டு நிப்பாட்டிப் போடாதையும்."

நஞ்சு என்கிறார், நிற்பாட்டாதே என்றும் சொல்கிறார். என் ஐமிச்சம் இரட்டிப்பானது. அதே மாதிரி ஒன்றை உடம்பு தானாகச் சுரப்பதை மறந்துபோயிருக்கும், மெல்ல மெல்லத்தான் விடவேண்டும் என்று அவர் விளக்கியது பாதிதான் விளங்கியது. புதுப் பை வாங்கினேன். அவருக்குச் சொல்லாமல் குடும்ப டொக்டரிடம் கொடுத்தேன். அங்கிருந்தும் அதே பதில்தான் வந்தது.

அக்காவின் கடைக்குப் போனேன்.

"அக்கா, இதுக்குள்ளை இங்கிலிஷ் மருந்து கிடக்காம்."

"ஆர் சொன்னது? உன்ரை சின்யோராவோ? எனக்கு வாறதைத்தான் நான் விக்கிறன். நானும் இதைத்தான் குடிக்கிறன்."

அப்போதுதான் அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அதுவும் என்னுடையதைப் போல உருண்டிருந்தது. என்னோடு டொக்டரிடம் வரும்படி கெஞ்சினேன். அவர் வேறு ஆளுக்கு மிளகாய் நிறுக்கத் திரும்பிவிட்டார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க இரண்டு டொக்டர்மாரும் பேசி, எனக்குச் சரியான குளிசை தந்து அளவைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். நோ திரும்பி வந்தது. பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். அக்கா சொன்னதுதான் சரியோ என்று பல நாள் நினைத்தேன். கோயிலில் சிலர் என்னோடு கதைப்பதை விட்டார்கள். வெள்ளைக்காரிக்காக எங்கள் ஆளின் வியாபாரத்தைக் கெடுத்தவள் என்று ஒரு கதை. ஆனால் முகம் வற்றியது, சீனி இறங்கியது.

சோதனை முடிந்து சின்யோரா கப்பலால் வந்தார். குழுவில் ஒருவர் குறுக்கே கேட்டாராம்: "நீங்கள் ஒரு மருந்தை நிப்பாட்டினியள், அவ்வளவுதான். இஞ்சை படிச்ச வைத்தியம் இதிலை எங்கை?"

"என்ன சொன்னியள்?" என்று கேட்டேன்.

"எத்தினையோ வருசமா அந்த முழங்காலைப் பாத்தன். வேறை என்ன எடுக்கிறீர் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. கேக்க இஞ்சைதான் படிச்சன் எண்டன்."

தேறிவிட்டார். சந்தோசம் என்று சொல்ல முன், "என்ரை பேரைச் சொன்னியளோ?" என்றுதான் என் வாயில் வந்தது. "ஒரு பொம்பிளை எண்டு மட்டும்," என்றார்.

அக்காவைப் பற்றி அவரிடம் சொன்னேன். இது சோதனைக்காக இல்லை, எந்த நாளும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார். நான் போனபோது கடை பூட்டியிருந்தது. லண்டனில் மகளிடம் போய்விட்டார் என்றார் மீன்காரர். ஆஸ்பத்திரியில் என்றாள் பூசைக்கு வரும் ஒருத்தி. அக்காவின் தொலைபேசி வேலை செய்யவில்லை. நான் இரண்டையும் நம்பவில்லை. சந்தைக்குப் போகிற நாட்களில் கடை திறந்திருக்கிறதோ என்று பார்க்க அந்தத் தெருவால் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன்.