மடியில் மலைப்பாம்பு

ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த காலம். சுங்கை லாலாங்கில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஸ்டோர் காவல்காரர் கோணிச் சாக்கை உடுத்தித் திரிவார். தம்மிடமிருந்த ஒரே கைலியை, வீட்டில் வளர்த்த மலைப்பாம்புக்குப் போர்த்தியிருந்தார்.

ஒரு காலை சிப்பாய்கள் ஆள் பிடிக்க வர, அவர் வீட்டு மூலையில் ஒளிந்தேன். அங்கே படுத்திருந்த பாம்பு என் மடியில் ஏறிச் சுருண்டது. அலற வாயைத் திறந்தேன், வெளியே பூட்ஸ் சத்தம், மூடிக்கொண்டேன். தோட்டத்துப் புலி என்று பீற்றிக்கொண்ட எனக்குப் பல் தந்தியடித்தது. காவல்காரர் அந்தக் கைலியை எங்கள் இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினார். கைலிக்கு வெளியே நீண்டிருந்த வாலைப் பார்த்த சிப்பாய் வாசலோடு திரும்பிவிட்டான்.

“கெளம்புறேண்ணே, இதக் கொஞ்சம் தூக்குங்க.”

“அசையாத லா தம்பி. இப்பதான் கண்ணசந்திருக்கு.”

மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் காப்பாற்றியது என்னையா, அதன் தூக்கத்தையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.