பெல்ட் மாமாவின் கடைசி வண்டி

"காகிதம் ஏதாவது வந்துச்சாம்மா?"

மாமா இதைக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்குப் போடும் நேரம். அவர் வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் அக்கா மகள் அப்போதுதான் வந்திருந்தாள்; கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"எந்தக் காகிதம் மாமா?"

"என்ன புதுசா கேக்கிற? கார் இறக்குமதிக் காகிதம்தான். திறக்கப் போறாங்கன்னு சந்தையில ஒரு பேச்சு. நாலு வருஷமா இதே பேச்சுதான். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்."

"இன்னைக்குப் பேப்பர்ல ஒண்ணும் இல்லை."

"பேப்பர் நானும்தான் பார்த்தேன்."

அத்தை மூன்று டம்ளர் டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "வந்ததும் வராததுமா பிள்ளையைப் போட்டுக் குடையாதீங்க. நாளைக்கு அந்த டிரைவர் பணத்தோட வர்றாரு. வண்டியைக் குடுக்கிறோம், ரெண்டு முட்டியையும் ஆபரேஷன் பண்றோம், நீங்க வீட்டுல உட்கார்றீங்க. இதுல காகிதம் எங்க வந்துச்சு?"

அவள் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள். மாமா அவளையே பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சு வரலை மாமா," என்றாள்.

"சரிம்மா," என்று மாமா டீயைக் குடித்து முடித்தார்.

பேச்சு அவ்வளவுதான். அவள் சொன்னது பொய்.

அவளுக்கு அரசாங்க மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை. அறிவிப்புகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றி அச்சுக்கு அனுப்புவார்கள். அச்சாகும்வரை மூச்சு விடக்கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கிணற்றுப் பாசனமும் தபால் தலையும் படித்துவிட்டு யாரிடம் போய் மூச்சு விடுவது என்று அவள் அப்போது நினைத்ததுண்டு. அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவள் மேசைக்கு வந்தது இரண்டே பக்கம். பழைய கார் இறக்குமதிக்கான தடை நீங்குகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட கார்கள் வரலாம். வரியும் குறைகிறது. திங்கட்கிழமை வெளியீடு.

கதவு மூடியிருந்த அந்த நான்கு வருடங்களில் ஊருக்குள் இருந்த கார்களுக்கெல்லாம் கொம்பு முளைத்திருந்தது. வெளியிலிருந்து ஒன்றும் வராததால், ஏழு வருடம் ஓடிய கார்கூட முதலில் வாங்கிய விலையைத் தாண்டிப் போனது. "மனுஷனுக்கும் இப்படி ஒரு தடை போட்டா நான் என்ன விலைக்குப் போவேன்?" என்று மாமா ஒருமுறை கேட்டார். "முட்டியைத் தட்டிப் பார்த்துட்டு ஓடிடுவான்," என்றார் அத்தை.

முப்பத்தோரு வருடமாக மாமா பழைய கார் தரகர். சந்தை என்பது நகரத்தின் ஓரத்தில் கம்பிவேலி போட்ட ஒரு மைதானம். வெயிலுக்கு ஒதுங்க ஒரு தகரக்கூரை. அதன் கீழ் நாற்காலிகள் எப்போதும் குறைவு. காலை முதல் நின்றுகொண்டே இருக்க வேண்டும்; கீழே குனிந்து பார்க்க வேண்டும்; மறுபடி எழ வேண்டும். அவர் முட்டிகள் தேய்ந்ததில் ஆச்சரியமில்லை. எந்தக் காருக்குப் போனாலும் முதலில் எஞ்சினைத் திறக்க மாட்டார். முன்சீட்டு பெல்ட்டை அடிவரை இழுத்து, அதன் நுனியில் தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அதில் பெல்ட் செய்த தேதி இருக்கும். தாளில் வயதைக் குறைத்து எழுதுகிறவர்களுக்குப் பெல்ட் ஞாபகம் வருவதில்லை. அதனால் சந்தையில் சிறியவர்களும் பெரியவர்களும் அவரை 'பெல்ட் மாமா' என்றே கூப்பிட்டார்கள்.

மற்றவர்களின் கார்களையே கைமாற்றிவிட்டுக் கொண்டிருந்தவர், முட்டி தாங்காது என்று ஆனதும், சேமிப்பு முழுவதையும் போட்டுச் சொந்தமாக ஒரு சாம்பல் நிறக் கார் வாங்கினார். விலை ஏறியபடியே இருந்த காலம். இதை விற்றால் இரண்டு முட்டிக்கும் வைத்தியம், அதற்குமேல் சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்பது ஏற்பாடு. பத்து மாதம் அது வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. மீட்டர் ஏறினால் விலை இறங்கும் என்று அதை ஒரு நாளும் எடுக்க மாட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பேருந்தில்தான் போவார். உறைக்குள் பூனை குட்டி போட்டபோது, "இந்த வீட்டுல காரை அனுபவிச்சது அது ஒண்ணுதான்," என்றார் அத்தை.

சனிக்கிழமை காலை டிரைவர் வந்தார். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் டாக்சியை ஓட்டியவர். ஊரில் இருந்த ஒரே மனையை விற்று இதை வாங்க வந்திருந்தார். கூட அவர் மனைவி. மாமாவின் அக்கா மகள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. விற்றுவிட்டால் மாமா தப்பித்தார். ஆனால் திங்கட்கிழமை அந்த இரண்டு பேர் கதி? விற்காவிட்டால் மாமாவின் கதி? எதுவானாலும் தான் வாய் திறக்கப்போவதில்லை என்று மட்டும் தெரிந்தது. வாய் திறக்காமல் இருப்பது இத்தனை அலுப்பான வேலை என்று அதற்குமுன் தெரியாது.

டிரைவரின் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தார். பையைக் காலடியில் வைத்தார். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, தலையைச் சரிசெய்துகொண்டு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று சிரித்தார்.

மாமா குனிந்து பெல்ட்டை இழுத்தார். பத்து மாதமாகத் தெரிந்த தேதியை மறுபடி படித்தார். பெல்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"தம்பி, இன்னைக்குக் குடுக்க முடியாது போலிருக்கே."

"என்னண்ணே இது? நேத்துகூடப் பேசினோமே?"

"எஞ்சின் பிடிக்கிற நட்டு ஒண்ணு சரியில்லை. மாத்தித் தர்றேன். அடுத்த வாரம் வாங்க."

"நட்டை நான் மாத்திக்கிறேண்ணே. உண்மையைச் சொல்லுங்க, வேற யாராச்சும் கூடக் கேட்டாங்களா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

டிரைவரின் முகம் சுருங்கியது. மனைவி இறங்கும்போது கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு இறங்கினார். அவர்கள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்த அத்தை, பிறகு பொறுக்கவில்லை. "கைக்கு வந்ததை இப்படியா தள்ளிவிடுவாங்க? எந்த நட்டு? உங்க தலையிலதான் ஒண்ணு கழண்டிருக்கு!"

திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. ஒரே வாரத்தில் சந்தையில் வாங்க ஆள் இல்லை. எல்லாரும் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். மூன்றாம் வாரம் விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அப்போது டிரைவர் திரும்பி வந்தார், வெற்றி பெற்ற முகத்தோடு.

"பார்த்தீங்களாண்ணே, பேராசைப்பட்டு இழுத்தீங்க. லாபம் எனக்கு வந்துடுச்சு."

"வந்துடுச்சு தம்பி, வந்துடுச்சு. எடுத்துட்டுப் போங்க."

"அந்த நட்டை மாத்தினீங்களா?"

"மாத்தியாச்சு," என்றார் மாமா.

இரண்டு முட்டிக்குப் போட்ட திட்டம் ஒரு முட்டியோடு நின்றது. இடது முட்டிக்கு வைத்தியம் ஆனது. வலது முட்டி காத்திருக்கிறது. மாமா ஒரு கைத்தடியோடு மறுபடி சந்தைக்குப் போகத் தொடங்கினார். கப்பலில் வந்த கார்களின் பெல்ட்டுகளையும் அடிவரை இழுத்துப் பார்த்தார். விருந்தாளி யார் வந்தாலும் அத்தை சாம்பல் நிறக் காரின் கதையைத் தொடங்குவார். "ரெண்டு நாள், வெறும் ரெண்டு நாள்!" என்று விரலை நீட்டுவார். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார், வேறு யாருடைய கதையோ போல. அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பேருந்து வரவில்லை. நிறுத்தத்துக் கல் இருக்கையில் மாமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே கார்கள் போய்க்கொண்டிருந்தன, பாதி புதிதாக வந்து இறங்கியவை. அவளால் அதற்குமேல் முடியவில்லை.

"மாமா, அன்னைக்கு வெள்ளிக்கிழமை நான்..."

"நீ டீக்குச் சர்க்கரை போட்டுக்க மாட்டே. ஒண்ணுமில்லாத டீயை அவ்வளவு நேரம் கலக்கினே. முப்பது வருஷமா பொய் சொல்றவங்க கையைத்தானே பார்க்கிறேன்."

"அப்போ தெரிஞ்சுமா வித்துடாம..."

"பாதி தெரிஞ்சுது. மீதிப் பாதியை நம்பி வித்துடலாம்னுதான் காலையில எழுந்தேன். அந்தப் பொண்ணு உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்புச்சு பாரு. அப்புறம் கை வரலை." முட்டியைத் தடவிக்கொண்டார். "சே, என்ன வெயில்."

தூரத்தில் பேருந்து திரும்பியது. அவர் கைத்தடியை ஊன்றி எழப் பார்த்தார். அவள் தோளைக் கொடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கிறேன்மா. உன் அத்தைகிட்ட இதைச் சொல்லிடாதே. ஏமாளின்னு திட்டினா எனக்குப் பழகிப் போச்சு. நீ தெரிஞ்சும் சொல்லலைன்னு தெரிஞ்சா, உன்கூடப் பேச மாட்டா."